புது ஊரில் குவில்ட்டிங்: கடை, வகுப்பு, கூட்டம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துண்டுகளைச் சேர்த்துத் தைத்த மேல்துணி, நடுவில் பஞ்சு அடுக்கு, அடித்துணி மூன்றையும் ஒன்றாகத் தைக்கும் போர்வைதான் குவில்ட். ஊர் மாறி வந்த குவில்ட்டர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை அவர்கள் கேட்ட சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். கடை, வகுப்பு, குழு மூன்றையும் தனித்தனியாகத் தேடுவதால்தான் பலருக்கு மாதக்கணக்கில் அலைச்சல். ஒன்று கிடைத்தால் அதன் வழியாக மற்ற இரண்டும் கிடைத்துவிடும். அதற்கு எங்கே, யாரிடம், எதைக் கேட்பது என்பதுதான் இந்தப் பக்கம் முழுவதும்.

1. “குவில்ட் கடை”ன்னு தேடினா ஒண்ணுமே வரலை. இங்க கடையே இல்லைன்னு அர்த்தமா?

அப்படி முடிவு கட்டிவிட வேண்டாம். முதலில் சொல்லை மாற்றித் தேடுங்கள். ஐரோப்பாவின் பல நாடுகளிலும் ஜப்பானிலும் இந்தக் கலை ‘பேட்ச்வொர்க்’ என்ற பெயரில்தான் பழக்கம். கடைப் பலகையிலும் அதுவே இருக்கும். இன்னும் சில கடைகள் தையல் மெஷின் கடை என்று மட்டுமே பதிவாகியிருக்கும், உள்ளே போனால் பாதிச் சுவர் குவில்ட் துணியாக இருக்கும். அதனால் பேட்ச்வொர்க், காட்டன் துணி, தையல் மெஷின், எம்ப்ராய்டரி என்று ஒவ்வொன்றாகவும், அந்த நாட்டு மொழியிலும் தேடிப் பாருங்கள்.

அடுத்த வழி, பொருளைப் பிடித்துக்கொண்டு போவது. மோடா, ராபர்ட் காஃப்மன் போன்ற துணி நிறுவனங்களும், பெர்னினா, ஜனோமி போன்ற மெஷின் நிறுவனங்களும் தங்கள் பொருளை விற்கும் கடைகளைத் தேடும் வசதியைத் தங்கள் இணையதளத்தில் வைத்திருக்கின்றன. வரைபடத்தில் கண்ணில் படாத சிறு கடைகள் இதில் அகப்படும். ஒரு பகுதியில் பல கடைகள் இருந்தால், அவை சேர்ந்து ‘ஷாப் ஹாப்’ நடத்துவதும் உண்டு: சில நாட்களுக்குள் எல்லாக் கடைகளுக்கும் போய் ஓர் அட்டையில் முத்திரை வாங்க வேண்டும். புதிதாக வந்தவருக்கு அந்த அட்டையை விட நல்ல வழிகாட்டி கிடையாது.

கிளம்புமுன் ஒரு ஃபோன் செய்துவிடுங்கள். வீட்டின் ஒரு பகுதியில் நடக்கும் கடைகள் சொல்லி வைத்தால்தான் திறக்கும். வகுப்பு நடக்கும் நேரத்தில் துணி வெட்டித் தர ஆள் இருக்காது.

2. சாதாரண துணிக்கடையில வாங்குற காட்டன் போதாதா? குவில்ட் கடைத் துணியில அப்படி என்ன இருக்கு?

போதும், சோதித்து வாங்கினால். குவில்ட்டுக்கு வேண்டியது நூறு சதவீதக் காட்டன், சாதாரண நெசவு, சதுர மீட்டருக்குச் சுமார் 140–150 கிராம் எடை. அகலம் 42 முதல் 44 அங்குலம் என்பதுதான் பெரும்பாலான வடிவங்களின் (பேட்டர்ன்) கணக்கு. குறைந்த அகலத் துணியை வாங்கிவிட்டுப் புத்தகக் கணக்கை அப்படியே பின்பற்றினால் கடைசி இரண்டு பட்டைக்குத் துணி இருக்காது.

கடையிலேயே செய்யக்கூடிய சோதனை இரண்டு. வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளங்கைக் கோடுகள் தெரிந்தால் நெசவு தளர்வு, தையல் ஓரத்தில் இழை கழன்று வரும். அடுத்தது, ஓரத்தைக் கசக்கிப் பாருங்கள். கசக்கிய இடம் சட்டென வெளுத்தால் அது கஞ்சியின் விறைப்பு, நெசவின் உறுதி அல்ல. வீட்டில் செய்ய வேண்டியது ஒன்று: 10 அங்குலச் சதுரம் ஒன்றை வெட்டி, வெள்ளைத் துணியோடு வெந்நீரில் நனைத்துக் காயவைத்து அளக்க வேண்டும். சாயம் வெள்ளையில் ஏறினாலோ, கால் அங்குலத்துக்கு மேல் சுருங்கினாலோ மொத்தத் துணியையும் அலசிய பிறகே வெட்டுங்கள்.

3. முதல் தடவை கடைக்குப் போறப்போ என்ன கேட்கணும்?

தைத்துக்கொண்டிருக்கும் ஒரு பிளாக்கை, அதாவது துண்டுகளைச் சேர்த்துத் தைத்த ஒரு சதுரத்தைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். “இதற்கு ஓரத்துணி எது பொருந்தும்?” என்று மேசையில் விரித்தால் போதும். வெட்டுமேசையருகே நிற்கும் மற்ற வாடிக்கையாளர்களும் சேர்ந்துகொள்வார்கள். வெறுங்கையோடு “இங்க குழு ஏதாவது இருக்கா?” என்று கேட்கும்போது வருவது ஒரு வரிப் பதில்தான்.

துணியைத் தவிர நான்கு விவரங்களோடு திரும்பி வாருங்கள்: அடுத்த வகுப்பு எப்போது, மெஷின் பழுது பார்ப்பவர் யார், மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்கும் பெரிய லாங்ஆர்ம் மெஷினில் குவில்ட் போட்டுத் தருபவர் யார், பக்கத்தில் எந்தக் கிழமை யார் கூடித் தைக்கிறார்கள். அறிவிப்புப் பலகையையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரருக்கே தெரியாத சிறு குழுக்களின் துண்டுச்சீட்டு அதில்தான் இருக்கும்.

பெயர்க் குழப்பம் வராமல் இருக்க: ‘ஃபேட் குவார்ட்டர்’ என்பது 18க்கு 22 அங்குலத் துண்டு, மீட்டர் கணக்கு உள்ள இடங்களில் ஏறக்குறைய 50க்கு 55 சென்டிமீட்டர். ‘சார்ம் பேக்’ 5 அங்குலச் சதுரங்கள், ‘லேயர் கேக்’ 10 அங்குலச் சதுரங்கள், ‘ஜெல்லி ரோல்’ இரண்டரை அங்குலப் பட்டைகள். கட்டுக்கு 40 அல்லது 42 துண்டுகள் வழக்கம் என்றாலும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சீட்டைப் படித்து எண்ணிக்கையை உறுதி செய்துகொள்ளுங்கள்.

4. நூறு கிலோமீட்டருக்குள்ள கடையே கிடையாது. எல்லாத்தையும் ஆன்லைன்ல வாங்கலாமா?

துணியை வாங்கலாம். திரையில் நிறம் ஏமாற்றும் என்பதால், ஒற்றை நிறத் துணிக்கு அந்த நிறுவனத்தின் வண்ண அட்டையை ஒரு முறை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அட்டையில் ஒட்டியிருப்பது உண்மையான துணித் துண்டு. ஒரே குவில்ட்டுக்கு வேண்டிய பின்னணித் துணியை ஒரே முறையில், பத்து சதவீதம் கூடுதலாக வாங்குங்கள். மறுமுறை வாங்கும்போது சாயத் தொகுதி மாறியிருக்கும்; அட்டவணையில் ஒரே எண் இருந்தாலும் பக்கத்தில் வைத்தால் வேறுபாடு தெரியும்.

கவனம் வேண்டியது பேட்டிங்கில், அதாவது நடுவில் வைக்கும் பஞ்சு அடுக்கில். தலையணைக்கு வைக்கும் உதிரிப் பஞ்சை வாங்கி வைத்தவர்களின் குவில்ட் முதல் துவைப்பிலேயே முடிச்சு முடிச்சாகிவிடும். பேட்டிங் உறையில் ‘இத்தனை அங்குலத்துக்குள் தையல் வர வேண்டும்’ என்ற அளவு இருக்கும். இழைகளைப் பிணைக்காத சுத்தப் பஞ்சுக்கு ஓரிரு அங்குலம். ஊசியால் குத்திப் பிணைத்ததற்கு 8 அல்லது 10 அங்குலம் வரை போகலாம். அந்த அளவு எழுதாத பேட்டிங்கை வாங்க வேண்டாம். அவசரத்துக்கு, ஏற்கெனவே பலமுறை துவைத்த மெல்லிய காட்டன் போர்வையையோ ஃபிளானல் துணியையோ நடுவில் வைக்கலாம். கனமாக இருக்கும், ஆனால் ஒருபோதும் முடிச்சாகாது.

5. வகுப்பு நிறைய இருக்கு. எது நல்ல வகுப்புன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

“வகுப்பு முடியும்போது கையில் என்ன இருக்கும்?” என்று கேளுங்கள். ஒரு நாள் வகுப்புகளில் பெரும்பாலானவை மேல்துணியோடு நின்றுவிடுகின்றன. மூன்று அடுக்கை விரித்துப் பிணைப்பது, குவில்ட் தையல் போடுவது, ஓரம் கட்டுவது ஆகிய மூன்றும் வீட்டுப்பாடமாகிவிடும். தொடக்கக்காரர் சிக்கிக்கொள்வதும் சரியாக அந்த மூன்றில்தான். அலமாரியில் மடித்து வைத்த மேல்துணிகள் சேர்வது இப்படித்தான். முதல் வகுப்பு என்றால், சிறு குவில்ட் ஒன்றை வெட்டுவதிலிருந்து ஓரம் கட்டுவது வரை நான்கு முதல் ஆறு அமர்வுகளில் முடிக்கும் வகுப்பைத் தேர்ந்தெடுங்கள்.

ஓர் ஆசிரியருக்கு எட்டுப் பேருக்கு மேல் இருந்தால் மெஷின் கோளாறு வந்த ஒருவரே அவருடைய நேரம் முழுவதையும் எடுத்துக்கொள்வார். மெஷின் அங்கேயே உண்டா, தவறவிட்ட அமர்வை ஈடுகட்ட முடியுமா, பொருள் பட்டியல் எப்போது தருவார்கள் என்பதையும் பணம் கட்டுமுன் கேட்டுவிடுங்கள்.

பல ஆண்டுகள் தைத்த அனுபவம் இருந்தாலும் புது ஊரில் ஒரு வகுப்புக்குப் போவது நல்லது என்பது எங்கள் கருத்து. ஒரே மேசையில் ஆறு மணி நேரம் உட்கார்ந்தவர்களுக்குள் பழக்கம் தானாக வரும். மாதக் கூட்டத்தின் இரண்டு மணி நேரத்தில் அது வருவது அரிது.

6. பொருள் பட்டியல் ரொம்ப நீளமா இருக்கு. எது கண்டிப்பா வேணும்?

உருட்டி வெட்டும் 45 மில்லிமீட்டர் ரோட்டரி கட்டரும் புது பிளேடும், 18க்கு 24 அங்குலக் கட்டிங் மேட், 6க்கு 24 அங்குலக் கண்ணாடி போன்ற ரூலர், 80/12 ஊசிகள், 50 எண் காட்டன் நூல் சாம்பல் நிறத்தில், தையல் பிரிக்கும் கருவி. முதல் வகுப்புக்கு இவை போதும். சாம்பல் நூல் ஏன் என்றால், வெளிர் துணியிலும் அடர் துணியிலும் ஒருபோல மறையும். நான்கு பாபினை வீட்டிலேயே சுற்றி எடுத்துப் போங்கள். மற்ற சிறப்பு ரூலர்களை ஆசிரியரிடம் இரவல் வாங்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

மக்கள் அதிகம் மறப்பது மெஷினின் மின்கம்பியும் கால் பெடலும்தான். இரண்டையும் மெஷின் உறைக்குள்ளேயே வைத்துக் கட்டுங்கள்.

7. வகுப்புல எல்லாரோட பிளாக்கும் பொருந்துது, என்னுது மட்டும் சின்னதா வருது. ஏன்?

தையலுக்கு விடும் இடம் கால் அங்குலத்தைத் தாண்டுகிறது. மெஷினில் கோடு போட்டிருக்கும் இடத்தை நம்ப வேண்டாம், சோதியுங்கள்: ஒன்றரை அங்குல அகலப் பட்டை மூன்றை நீளவாக்கில் சேர்த்துத் தைத்து, தையலை அயர்ன் பண்ணி அளந்து பாருங்கள். நடுப்பட்டை சரியாக 1 அங்குலமும் மொத்தம் மூன்றரை அங்குலமும் வர வேண்டும். குறைந்தால் ஊசியை ஒரு புள்ளி வலப்பக்கம் நகர்த்தி மீண்டும் தையுங்கள். நூலின் தடிமனும் துணி மடியும் இடமும் சேர்ந்து கொஞ்சம் விழுங்குவதால், கால் அங்குலத்துக்கு ஓர் இழை குறைவாகத் தைத்தால்தான் கணக்கு சரியாக வரும்.

சின்னப் பிழைதானே என்று விடக் கூடாது. தையல் இடம் வீசம், அதாவது 1/16 அங்குலம் கூடினால் இரு பக்கத் துணியிலும் சேர்த்து அரைக்கால் அங்குலம் போகிறது. ஒரு வரிசையில் ஒன்பது துண்டு, எட்டுத் தையல் என்றால் முழு ஒரு அங்குலம் காணாமல் போகும். குழுக்களில் பிளாக் மாற்றிக்கொள்ளும்போது இது எல்லாருக்கும் சிக்கல். “12 அங்குல பிளாக்” என்றால், சுற்றிலும் தையல் இடம் சேர்த்து நீங்கள் கொடுக்க வேண்டியது பன்னிரண்டரை அங்குலம்.

8. வேற நாட்டுல வாங்கின மெஷினை இங்க மாட்டலாமா?

பிளக்கைப் பார்க்காதீர்கள், மெஷினின் பக்கவாட்டிலோ அடியிலோ உள்ள தகட்டைப் படியுங்கள். ‘100–240 வோல்ட்’ என்றிருந்தால் பிளக் மாற்றி போதும். 120 வோல்ட் மட்டும் என்றிருப்பதை 230 வோல்ட்டில் செருகினால் மோட்டாரோ மின்பலகையோ அக்கணமே எரியும். இதற்கு வேண்டியது இரும்பு உள்ளகம் உள்ள கனமான மின்மாற்றி. தகட்டில் உள்ள வாட் அளவுக்கு இரு மடங்கு திறன் இருக்கட்டும். தலைமுடி உலர்த்திக்கு விற்கும் இலேசான பயண மாற்றியைக் கணினிமயமான தையல் மெஷினுக்குப் பயன்படுத்தவே கூடாது. அயர்ன் பெட்டி ஆயிரம் வாட்டுக்கு மேல் இழுப்பதால் அதற்கு மின்மாற்றி கட்டுப்படியாகாது. அதை இங்கேயே வாங்கிவிடுங்கள்.

உங்கள் மெஷின் நிறுவனத்துக்கு இங்கே முகவர் இல்லை என்றாலும் ஃபுட்கள், அதாவது ஊசிக்கடியில் துணியை அழுத்திப் பிடிக்கும் பாகங்கள், கிடைக்கும். உங்களுடையது லோ ஷாங்க்கா, ஹை ஷாங்க்கா (ஃபுட் மாட்டும் தண்டின் உயரம் குறைவா, கூடுதலா), ஃபுட்டை மாட்டும் முறை என்ன என்று தெரிந்தால் போதும். சந்தேகமிருந்தால் பழைய ஃபுட்டையே கழற்றி எடுத்துப் போய்க் காட்டுங்கள்.

9. குவில்ட் கில்டுன்னா என்ன? சேர்றதுக்கு நல்லாத் தைக்கத் தெரியணுமா?

தேவையில்லை. கில்டு என்பது ஆண்டுச் சந்தா கட்டிச் சேரும் சங்கம். பெரும்பாலும் மாதம் ஒரு கூட்டம்: ஒருவர் உரை, பிறகு அவரவர் முடித்ததைக் காட்டுவது. பலவற்றில் புத்தகமும் கருவியும் இரவல் கிடைக்கும். விருந்தினராக ஒன்றிரண்டு முறை வந்து பார்க்க அனுமதிப்பார்கள். பிரிட்டனின் குவில்ட்டர்ஸ் கில்டு 1979-இல் தொடங்கியது. மாடர்ன் குவில்ட் கில்டு 2009-இல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கி, இன்று பல நாடுகளில் கிளை வைத்திருக்கிறது. இத்தகைய சங்கங்களின் இணையதளத்தில் ஊர்வாரியாகக் குழுக்களைத் தேடலாம்.

கில்டுக்குள்ளேயே ஐந்தாறு பேர் வீட்டில் கூடித் தைக்கும் சிறு வட்டங்கள் இருக்கும், ‘பீ’ என்பார்கள். நட்பு வளர்வது அங்கேதான். “புது ஆட்களைச் சேர்க்கும் பீ எது?” என்று முதல் கூட்டத்திலேயே கேட்டுவிடுங்கள்.

10. ரெண்டு கூட்டத்துக்குப் போனேன். யாரும் முகம் கொடுத்துப் பேசலை. விட்டுடலாமா?

இன்னும் விடாதீர்கள், போகும் நாளை மட்டும் மாற்றுங்கள். மாதக் கூட்டத்தில் நாற்காலிகள் மேடையைப் பார்த்திருக்கும்; பழைய சிநேகிதிகள் மாதத்துக்கு ஒரு தடவை சந்திக்கிற ஆவலில் தங்களுக்குள் பேசிக்கொண்டிருப்பார்கள். உங்களை ஒதுக்குகிறார்கள் என்று அதற்கு அர்த்தம் இல்லை. மெஷினோடு வந்து நாள் முழுக்கத் தைக்கும் ‘சோ-இன்’ நாளுக்குப் போங்கள். பக்கத்து இருக்கைக்காரரோடு அயர்ன் பெட்டியைப் பகிர்ந்தாலே பேச்சு தொடங்கிவிடும்.

அதைவிட நல்ல வாசல், தானக் குவில்ட் தைக்கும் நாள். நோயுற்ற குழந்தைகளுக்குப் போர்வை தரும் புராஜெக்ட் லைனஸ் அமெரிக்காவில் 1995-இல் தொடங்கியது. போரில் பணியாற்றியவர்களுக்கு வழங்கும் குவில்ட்ஸ் ஆஃப் வேலர் 2003-இல். இவற்றோடு சேராத குழுக்களும் மருத்துவமனைகளுக்கும் காப்பகங்களுக்கும் தைத்துக் கொடுக்கின்றன. மூன்று அடுக்கை இழுத்து விரித்துப் பின் குத்தும் வேலைக்கு நான்கு கைகள் வேண்டும். ஓர் ஓரத்தை நீங்கள் பிடித்துக்கொண்டால் மறு ஓரத்தில் இருப்பவர் உங்கள் பெயரைக் கேட்காமல் இருக்க முடியாது. இப்படி மூன்று தடவை போன பிறகும் மனம் ஒட்டவில்லை என்றால் வேறு குழு பாருங்கள். அதில் தவறே இல்லை.

11. இந்த ஊர் மொழி சுத்தமாத் தெரியாது. வகுப்பு புரியுமா?

கை வேலையைக் கண்ணால் கற்கலாம். கொஞ்சம் அனுபவம் உள்ளவர் மொழி தெரியாமலே வகுப்பைச் சமாளித்துவிடுவார். நைன் பேட்ச், லாக் கேபின் போன்ற பிளாக் பெயர்கள் பல இடங்களில் மாறாமல் வழங்குகின்றன. முதல் வாரம் ஆசிரியர் வெட்டுவதைப் படமெடுக்க அனுமதி கேளுங்கள்.

ஏமாற்றுவது மொழி அல்ல, அளவு. சென்டிமீட்டர் வடிவங்களில் தையலுக்கு 7 அல்லது 7.5 மில்லிமீட்டர் விடுவதுண்டு. கால் அங்குலம் என்பது 6.35. ஒரு குவில்ட்டுக்குள் இரண்டையும் கலக்காதீர்கள். அங்குல வடிவத்தை சென்டிமீட்டராக மாற்றவும் முயல வேண்டாம். குறிப்பாக முக்கோணங்களில் தவறும். சதுரத்தைக் குறுக்கே வெட்டி முக்கோணம் எடுக்க, தைத்து முடித்த பின் வர வேண்டிய அளவோடு 7/8 அங்குலம் கூட்டுவது கால் அங்குலத் தையலுக்கு மட்டுமே உரிய கணக்கு. அந்த வடிவம் எந்த அளவில் எழுதப்பட்டதோ அந்த ரூலரையே வாங்கிவிடுவது மலிவு.

12. மேல்துணி முடிச்சாச்சு. லாங்ஆர்ம்காரர்கிட்ட கொடுக்கறப்போ எப்படிக் கொடுக்கணும்?

மூன்று அடுக்கையும் பிணைக்காமல் தனித்தனியாகக் கொடுங்கள். மெஷினின் உருளைகளில் ஒவ்வொன்றும் தனியாக ஏறும். அடித்துணியும் பேட்டிங்கும் நான்கு பக்கமும் 4 அங்குலம் கூடுதலாக வேண்டும். 60க்கு 72 அங்குல மேல்துணி என்றால் அடித்துணி 68க்கு 80. அது நேர்கோணமாக வெட்டியிருக்க வேண்டும், கோணலாக இருந்தால் பின்பக்கம் சுருக்கம் விழும். தொங்கும் நூல்களை வெட்டிவிடுங்கள். வெள்ளைத் துணிக்கடியில் கறுப்பு நூல் கிடந்தால், தைத்த பிறகு அதை எடுக்க வழியில்லை. எது தலைப்பக்கம் என்று ஓர் ஊசிச் சீட்டில் குறித்துக் குத்துங்கள்.

முதல் முறை சிறிய குவில்ட்டாகக் கொடுத்து அவர் கைவண்ணத்தைப் பாருங்கள். ஊரில் யார் என்ன தைக்கிறார் என்று இவருக்குத் தெரியும்; மூன்றாம் கேள்வியில் இவரை விசாரிக்கச் சொன்னது அதற்காகவும்தான்.

13. குழுவுல ஒருத்தர் வாங்கின பேட்டர்னை எல்லாரும் ஜெராக்ஸ் எடுத்துக்கலாமா?

கூடாது. விலைக்கு விற்கும் வடிவத்தின் எழுத்தும் படமும் அதை உருவாக்கியவருக்கு உரியவை. ஆளுக்கு ஒன்று வாங்க வேண்டும். நைன் பேட்ச் போன்ற மரபு பிளாக்குகள் பொதுச்சொத்து. அவற்றை யாரும் வரைந்து, கணக்குப் போட்டுப் பகிரலாம். குழுவுக்குப் பொது வேலை வேண்டுமென்றால் மரபு பிளாக்கிலிருந்து தேர்ந்தெடுங்கள்.

14. எவ்வளவு தேடியும் குழு இல்லை. நானே ஆரம்பிக்கட்டுமா?

ஆரம்பியுங்கள். இரண்டு பேர் போதும். மாதம் ஒரு நாள், ஒரே கிழமை, ஒரே இடம் என்று ஆறு மாதத்துக்கு முன்கூட்டியே அறிவியுங்கள். ‘அடுத்த தேதி பிறகு சொல்கிறோம்’ என்ற குழுக்கள் மூன்றாவது மாதத்தைத் தாண்டுவதில்லை. நூலக அறை நல்ல இடம். அறிவிப்பை மெஷின் பழுது பார்ப்பவரிடம் ஒட்டச் சொல்லுங்கள். தைப்பவர்கள் எல்லாரும் என்றாவது அவரிடம் வந்தே தீர வேண்டும்.

அறையின் மின்சாரத்தை முதலில் விசாரியுங்கள். 230 வோல்ட், 10 ஆம்பியர் இணைப்பு 2300 வாட் தாங்கும். 120 வோல்ட், 15 ஆம்பியர் என்றால் 1800. அயர்ன் பெட்டி ஒன்றே 1500 வாட் இழுக்கலாம். இரண்டை ஒரே இணைப்பில் மாட்டினால் அத்தனை மெஷினும் ஒன்றாக நிற்கும். ஓர் இணைப்புக்கு ஓர் அயர்ன் என்று வைத்துக்கொண்டு, மெஷின்களுக்கு வேறு இணைப்பு எடுங்கள். அது முடியாத அறை என்றால் கைத்தையலில் தொடங்கலாம்: 1 அங்குல அறுகோணக் காகிதத்தின் மேல் துணியை மடித்துச் சேர்க்கும் முறைக்கு ஊசி, நூல், கத்தரிக்கோல் தவிர எதுவும் வேண்டாம்.

15. அடுத்த வருஷமே மறுபடி ஊர் மாறிடுவோம். இதுக்காக இவ்வளவு சிரமப்படணுமா?

படலாம். 1840-களில் அமெரிக்காவில் நட்புக் குவில்ட்டுகள் பரவலாகத் தைக்கப்பட்டன. ஒவ்வொரு பிளாக்கின் நடுவிலும் ஒருவரின் கையெழுத்து. மேற்கே குடிபெயர்ந்து போனவர்களோடு அத்தகைய குவில்ட்டுகளும் பயணித்தன. ஓராண்டில் பன்னிரண்டு கையெழுத்து வாங்குவது கடினமில்லை, அதுவே ஒரு சிறு போர்வைக்குப் போதும்.

கையெழுத்துக்கு வெளிர் நிறத் துணியை அலசிக் காயவைத்துப் பயன்படுத்துங்கள். கஞ்சி இருந்தால் மை உள்ளே இறங்காது. ஒரு பக்கம் வழவழப்பாக இருக்கும் ஃப்ரீசர் பேப்பரை அந்தப் பக்கம் துணியில் படும்படி பின்னால் வைத்து அயர்ன் பண்ணினால், எழுதும்போது துணி நகராது. நிறமி மைப் பேனாவால் மெதுவாக, ஓரத்திலிருந்து அரை அங்குலம் உள்ளே எழுதச் சொல்லுங்கள். கால் அங்குலம் தையலுக்குள் போய்விடும். ஒரு நாள் காயவிட்டு, பேப்பரை உரித்துவிட்டு, மேலே ஒரு துணி போட்டுச் சூடான உலர் அயர்னால் அழுத்துங்கள். பெயரோடு ஊரையும் தேதியையும் எழுதி வாங்க மறக்காதீர்கள்.